பணம் கட்டுவதற்கு முன்பே கட்டில் வந்துவிட்டது: நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பக்கத்து நகரத்து மரச்சாமான் கடை ஒன்றில், கீழே இழுப்பறைகள் வைத்த தேக்குக் கட்டிலுக்கு 42,000 ரூபாய் என விலை பேசி ஆர்டர் கொடுத்தேன். பாதித் தொகையை முன்பணமாகக் கட்டிய பிறகு கட்டிலை அனுப்புவது, மீதியை இறக்கியதும் கொடுப்பது என்று பேச்சு. நான் முன்பணம் கட்டுவதற்குள்ளாகவே, நான் வீட்டில் இல்லாத ஒரு நாளில், கட்டில் வந்து இறங்கிவிட்டது. என் மாமியார் வாங்கி வைத்தார். நாங்கள் கேட்காத மெத்தை ஒன்றையும் உடன் இறக்கியிருக்கிறார்கள். பில் எதுவும் தரவில்லை. இரண்டு மாதமாக அந்தக் கட்டிலில்தான் படுக்கிறோம். மெத்தையை உறை பிரிக்காமல் வைத்திருக்கிறோம். ஓர் இழுப்பறை சரியாக மூடுவதில்லை. கடையிலிருந்து இதுவரை யாரும் பணம் கேட்கவில்லை. "அவர்கள் கேட்காத வரை நீயாகப் போய்ச் சொல்லாதே, மூன்று வருடம் ஓடிவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் அண்ணன். கட்டிலையே திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். எது சரி?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் கட்டிலுக்குப் பணம் தர வேண்டியவர். கடைக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கடமை உங்கள் மேல் இருக்கிறது. அதே சமயம், பணம் இன்னும் தரவில்லை என்பதற்காக, பழுதான இழுப்பறையைப் பற்றிக் கேட்கும் உரிமையை நீங்கள் இழந்துவிடவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாயைத் திறக்காமல் இருப்பதால் நஷ்டப்படுபவர் நீங்களே என்பது விளங்கும்.

நம் நாட்டில் பொருள் விற்பனையை முறைப்படுத்தும் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், பொருளை ஒப்படைப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியவை என்கிறது அதன் 32ஆவது பிரிவு. உங்கள் விஷயத்தில் பாதி முன்னால், பாதி பின்னால் என்று பேசிக்கொண்டீர்கள். முன்பண நிபந்தனை கடைக்காரரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. அதை அவர் விட்டுக்கொடுத்துப் பொருளை முதலில் அனுப்பினால், தமக்கு இருந்த ஒரு பாதுகாப்பைத்தான் அவர் கைவிட்டார், விலையைக் கைவிடவில்லை. ஆகவே கட்டில் இறங்கிய நாளிலேயே முழுத் தொகையும் தர வேண்டியதாகிவிட்டது.

உங்கள் மாமியார் வாங்கி வைத்ததாலேயே நீங்கள் கட்டிலை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பல குடும்பங்களில் இந்தக் குழப்பம் வருகிறது. வந்த பொருள் ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று 41ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் வீடு திரும்பிய அன்றோ அடுத்த சில நாட்களிலோ, கட்டில் பேசியபடி இல்லை என்று கடைக்குத் தெரிவித்திருந்தால், திருப்பி எடுத்துச் செல்லச் சொல்ல உங்களுக்கு வழி இருந்திருக்கும். ஆனால் 42ஆவது பிரிவின்படி, பொருளைத் தம்முடையதாகவே நடத்தினாலும், வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலும், அது ஏற்றுக்கொண்டதாகும். இரண்டு மாதம் நீங்கள் அதில் படுத்து உறங்கியிருக்கிறீர்கள். எனவே உங்கள் கணவர் சொல்லும் வழி இப்போது சட்டப்படி அடைபட்டுவிட்டது. கடைக்காரர் தாமாகச் சம்மதித்தால் மட்டுமே கட்டிலைத் திருப்பலாம். பயன்படுத்திய கட்டிலைப் புதிய விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அவரைக் கேட்பது நியாயமாகவும் எனக்குப் படவில்லை.

இழுப்பறையின் நிலை வேறு. பொருளை ஏற்றுக்கொண்ட பின்பும், அதில் உள்ள குறைக்கு ஈடான தொகையை விலையில் கழித்துக்கொள்ளக் கோரும் உரிமையை அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு தருகிறது. இழுப்பறையைச் சரிசெய்ய ஆகும் செலவு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் இந்தக் கழிவு நியாயமாகும். ஓர் இழுப்பறை மூடவில்லை என்பதற்காக 42,000 ரூபாயையும் நிறுத்தி வைத்தால் எந்த மன்றத்திலும் அது எடுபடாது. பழுதைக் கடைக்காரர் ஆளனுப்பிச் சரிசெய்து தருவதே இருவருக்கும் எளிது. அவர் மறுத்தால், பணமே கொடுக்காத நான் எப்படி நுகர்வோர் என்று புகார் செய்வது என நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலையைக் கொடுத்தவரை மட்டுமல்லாமல், கொடுப்பதாக வாக்களித்தவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு கால அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில் தராமல் விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாக அந்தச் சட்டமே வகைப்படுத்தியிருப்பதால், பில் கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது மெத்தை. நீங்கள் கேட்ட பொருளோடு கேட்காத வேறு வகைப் பொருளைக் கலந்து அனுப்பினால், கேட்டதை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கலாம் என்று விற்பனைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு அனுமதிக்கிறது. மறுத்த பொருளை உங்கள் செலவில் வண்டி வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. வேண்டாம் என்று தெரிவித்தால் போதும் என்பது 43ஆவது பிரிவு. ஆனால் தெரிவிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவுக்குக் கீழே தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டு உங்கள் மெத்தைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது: ஒரு வணிகர் தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தம்முடையதாகக் கொண்டு பயன்படுத்துகிறார், அப்படியானால் அவர் அதற்கு விலை தரக் கடமைப்பட்டவர். நீங்கள் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது மிகவும் நல்லது. விருந்தாளி வந்தார் என்று ஓர் இரவுகூட அதை விரித்துவிடாதீர்கள்.

இனி உங்கள் அண்ணன் சொன்னதைப் பார்ப்போம். அவர் சொல்லும் மூன்று வருடக் கணக்கு கற்பனை அன்று. கடன் தவணை எதுவும் பேசாமல் ஒப்படைத்த பொருளின் விலைக்காக வழக்குத் தொடர, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் தருகிறது. ஆயினும் அதை நம்பிக் காத்திருப்பது தவறு என்பதற்கு நான் மூன்று விஷயங்களைச் சொல்வேன். காலவரம்பு கடந்தால் வழக்குப் போடும் வழிதான் மூடுகிறது; அதற்காகக் கடன் தீர்ந்துவிட்டதாக ஆகாது. அந்த மூன்று ஆண்டில் ஆண்டுத் தணிக்கையின்போதோ கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போதோ கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டால், விலையோடு வட்டியையும் நீதிமன்றம் விதிக்கலாம், அதற்கு விற்பனைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு இடம் தருகிறது. இதற்கிடையில், இழுப்பறை பற்றிய உங்கள் புகாருக்கான இரண்டு ஆண்டு அவகாசமோ அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆக, பணத்தை மறைப்பதற்காக நீங்கள் காக்கும் மௌனம் உங்கள் சொந்த உரிமையை முதலில் விழுங்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இத்தகைய கடைகளில் ஆர்டர் எழுதுபவர் ஒருவர், வண்டியில் ஏற்றி அனுப்புபவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் வேறொருவர். முன்பணம் வந்துவிட்டது என்று யாரோ ஒருவர் தவறாக நினைத்ததால்தான் உங்கள் வீட்டுக்குக் கட்டில் வந்திருக்கக்கூடும். கணக்கு உதைக்கும் நாளில் அதற்குப் பதில் சொல்லப்போவது பெரும்பாலும் முதலாளியாக இருக்காது, மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் ஊழியராகவே இருப்பார். அவர் நிலையை எண்ணிப் பார்க்கும்படி உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

கடைக்காரர் ஆட்களுடன் வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் வேண்டாம். பொருள் முறைப்படி உங்கள் கைக்கு வந்த பிறகு, விலை வராவிட்டால் அவர் விலைக்காக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமே தவிர, வீடு புகுந்து எடுக்க முடியாது. வாடகைக் கொள்முதல் (தவணை முடியும் வரை பொருள் விற்றவருக்கே சொந்தமாக இருக்கும் முறை) என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிய பொருளுக்கு விதி வேறு. உங்களுடையது அப்படி இல்லை.

இந்த வாரமே கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், அந்தச் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். கட்டில் வந்து இறங்கிய தேதி, பேசிய விலை, இதுவரை பணம் கட்டவில்லை என்பது, ஓர் இழுப்பறை மூடவில்லை என்பது, கேட்காத மெத்தை உறை பிரிக்காமல் இருக்கிறது, எடுத்துச் செல்லலாம் என்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். இழுப்பறையையும் மெத்தையையும் படம் எடுத்து உடன் அனுப்புங்கள். நீங்கள் இப்படி எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது உண்மைதான். கொடுக்க நினைப்பவருக்கு அதனால் என்ன குறை?

மொத்தத் தொகையும் இப்போது கையில் இல்லையென்றால், அதையும் மறைக்காமல் சொல்லித் தவணை கேளுங்கள். இரண்டு மாதம் கேட்காதிருந்த பணம் தானாக வருகிறது என்றால், பெரும்பாலான கடைக்காரர்கள் இரண்டு மூன்று தவணைக்கு இணங்குவார்கள். இணங்கியதை அவர்களிடமிருந்தும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கடையின் பெயருக்கே அனுப்புங்கள், ஆர்டர் எடுத்த ஊழியரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம். மெத்தையை எடுக்க வருபவரிடம், பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். பணம் சேர்ந்ததும் 42,000 ரூபாய்க்கான பில்லையும், கட்டிலுக்கு உத்தரவாதம் ஏதும் இருந்தால் அதன் அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். பேச்சு முறிந்து கடிதப் போக்குவரத்து வரை போனால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.