சித்தப்பாவின் விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் சித்தப்பா சொந்தமாகக் கட்டிய இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், திருமங்கலம் பக்கம் தோப்பில் தகர ஷெட்டுக்குள் பல வருடமாக நிற்கிறது. இறக்கையில் போர்த்திய பாலியெஸ்டர் துணிமேல் பெயின்ட் வெடித்து உரிகிறது. கார் பட்டறை பெயின்டர் ஒருவர் ரிமூவர் தடவிச் சுரண்டி, பட்டி பார்த்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா சார்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கார் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், காரில் பெயின்டைச் சுரண்டினால் அடியில் தகரம் இருக்கும், இங்கே இருப்பது கிட்டத்தட்ட வேட்டி கனத்தில் ஒரு துணி. ரிமூவர் பெயின்டோடு நிற்காது, ஓரங்களில் துணியைப் பிடித்திருக்கும் பசையையும் இளக்கிவிடும். பட்டியோ, துணி அசைந்ததும் வெடிக்கும்.

முதலில் துணியைப் பாருங்கள். தட்டினால் விண்ணென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், இற்றுப்போன துணியும் அப்படித்தான் இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இறக்கைக்குள் ஒரு எல்.இ.டி. பல்பை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால், பெயின்டுக்கு அடியில் வெயிலைத் தடுக்கப் பூசும் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு அங்கே போதவில்லை என்று அர்த்தம், பாலியெஸ்டருக்கு எமன் வெயில்தான். சந்தேகமான இடத்தில், அதுவும் இறக்கையின் மேல்பக்கத்தில், ஒரு பட்டை வெட்டிப் பெயின்டை நீக்கிச் சோதிக்கலாம். 1 அங்குல அகலத்துக்கு 56 பவுண்டு தாங்க வேண்டும் என்பது முன்பு விமானத்தில் போர்த்திய கிரேடு ஏ என்ற பருத்தித் துணிக்கான கணக்கு. சுமாராக ஒரு அரிசிச் சிப்பத்தைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதற்கும் தாங்காவிட்டால் பெயின்ட் பேச்சே வேண்டாம், துணியையே மாற்றுங்கள்.

துணி தேறிவிட்டால், வெள்ளைத் துணியில் எம்.இ.கே. கரைப்பான் நனைத்து ஒரு ஓரத்தில் தேயுங்கள் (கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல்). நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் கரையக்கூடிய பூச்சு, கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துத் துடைத்தே எடுத்துவிட்டு வெள்ளிப் பூச்சிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அசையவில்லை என்றால் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்கிற கரையாத பூச்சு, அதைத் துணிமேலிருந்து எடுப்பது வீண் வேலை. உப்புத்தாளை ரிப் (இறக்கைக்குள் துணியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேலே கொண்டுபோகவே போகாதீர்கள், அங்கே இருக்கும் தையல் முடிச்சு இரண்டு இழுப்பில் அறுந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே கன்னைத் தொடாதீர்கள், ஈரக்காற்றில் பூச்சு வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலிலோ துளி துணியில் விழுவதற்குள் காய்ந்து சொரசொரவென்று நிற்கும். மாசி, பங்குனியில் காலை வேளை நல்லது.

வால் சுக்கானிலும் இறக்கையின் அசையும் பாகங்களிலும் பழசின் மேலேயே அடித்துக் கனம் ஏற்றாதீர்கள், பின்பக்கம் கனத்தால் பறக்கும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும். அடித்து முடித்ததும் சமநிலை பார்த்தே ஆக வேண்டும். பறக்கவிடும் எண்ணம் இருந்தால் டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம்) அனுமதி வேறு கதை.

அப்புறம், சித்தப்பாவின் பழைய நோட்டைத் தேடுங்கள், எந்தப் பூச்சு என்று எங்காவது எழுதியிருப்பார். ஒரு வகைப் பூச்சுமேல் இன்னொரு வகையை அடித்ததால்தான் இப்படி உரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம், பெயர் கிடைத்தால் எழுதுங்கள்.