மறு: தம்பி திடீரென்று அடிக்கிறார், மாத்திரை தொடங்கலாமா?

உங்கள் தம்பிக்கு 28 வயது, மிதமான அறிவுசார் குறைபாடு, இரண்டு மாதமாக அடிக்கிறார், பொருளை வீசுகிறார், டாக்டர் ரிஸ்பெரிடோன் (மனநோய்க்குத் தரும் மாத்திரை) தரலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முன்பு இல்லாத கோபம் என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் கேடு. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையால்தான் சொல்வார். ஒரு பக்கமாகவே மெல்கிறாரா? கன்னத்தைத் தொட்டால் தலையைத் திருப்புகிறாரா? வலிப்பு மாத்திரை மாற்றினார்களா? லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் ஒரு நோட்டு போடுங்கள். அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் அவருக்கு என்ன கிடைத்தது. "குளிக்கக் கூப்பிட்டேன், டம்ளரை வீசினார், சரி அப்புறம் குளிக்கட்டும் என்று விட்டேன்" என்றே திரும்பத் திரும்ப வந்தால் விஷயம் பிடிபட்டுவிடும். அப்போது "இப்போது வேண்டாம்" என்று காட்ட ஒரு பட அட்டை கொடுத்துப் பழக்குங்கள். அவர் காட்டியதும் உடனே மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டையும் பறக்கும்!

மாத்திரை பற்றி: 2008-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இதே பிரச்சினை உள்ள 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், அதே வகையில் பழைய மருந்தான ஹாலோபெரிடால், மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் மூன்று குழுவிலும் ஆவேசம் குறைந்தது. அதிகம் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில். அதனால் அவசரம் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான்.

ஓரளவு பேசக்கூடியவர் என்றால் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சி தரும் உளவியலாளரையும் தேடுங்கள். நீங்களும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.