படகுத் தளப் பலகைக்கு எந்தத் திருகாணி?

வத்தளை வாசகர்: பொல்கொட ஏரியில் ஓடும் என் பைபர் படகுக்கு பிளைவூட் தளம் போட்டு, அதன்மேல் காப்பெட் விரிக்கப் போகிறேன். 304 தரத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போதுமா, ஐயா?

பதில்: பொல்கொட பாணந்துறையில் கடலோடு கலக்கிறது, அதை முழு நன்னீராகக் கருதாமல் 316 தரத் திருகாணி வாங்குங்கள். துருப்பிடிக்காத உருக்கைக் காப்பது ஒட்சிசனால் அதன்மேல் உருவாகும் மெல்லிய படலமே. ஈரத்தைத் தேக்கிவைக்கும் காப்பெட்டின் அடியில் காற்று குறைந்து உப்பும் சேரும்போது அப்படலம் சிதைந்து, உலோகம் குழிகுழியாக அரிக்கப்படும். 316இல் உள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம் என்ற உலோகம் அந்த அரிப்பைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாகத் தடுக்காது.

ஆயினும் தளம் உளுத்துப்போவது பெரும்பாலும் திருகாணித் துளை வழியாகத்தான். துளையைப் பெரிதாக இட்டு, எபொக்சி என்ற இறுகும் பசையால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மீண்டும் துளையிடுங்கள். பலகையின் விளிம்புகளுக்கும் எபொக்சி பூசுங்கள். காப்பெட்டை ஊடறுத்துத் துளையிட்டால் நூல் துளையூசியில் சுற்றிக்கொண்டு நீளமாக உருவி வந்துவிடும் என்பதால், முதலில் கத்தியால் சிறு சிலுவைக் கீறல் இடுங்கள். தளத்தின் கீழ் எரிபொருள் தாங்கியும் மின்கம்பியும் எங்கே இருக்கின்றன என்று பாராமல் துளையிடவே வேண்டாம்.

தெஹிவளை வாசகர்: காந்தம் ஒட்டாவிட்டால் அது 316தானே?

பதில்: இல்லை. 304இலும் பெரும்பாலும் ஒட்டாது. தலையில் 316ஐக் குறிக்கும் ஏ4 (A4) என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: நாகம் (துத்தநாகம்) பூசிய திருகாணி மலிவாயிற்றே?

பதில்: முடுக்கும்போதே பூச்சு உரியும். வேண்டாம்.

முகத்துவாரம் வாசகர்: பித்தளை துருப்பிடிக்காது. உருக்கைவிட அதுவே நல்லது என்பேன்.

பதில்: இதை நான் உறுதியாக மறுக்கிறேன். உப்பு நீரில் பித்தளையிலுள்ள நாகம் கரைந்து வெளியேற, நுண்துளைகள் நிறைந்த செம்பு மட்டுமே எஞ்சும். வடிவம் மாறாததால் திருகாணி நன்றாக இருப்பதாகவே தோன்றும். கழற்றும்போதுதான் தலை முறியும்.

முகத்துவாரம் வாசகர்: அப்படியானால் மரப்படகுகளில் மஞ்சள் நிறத் திருகாணிகள் எப்படி நீடிக்கின்றன?

பதில்: அவை சிலிக்கன் வெண்கலமாக இருக்கலாம். அது மரத்துக்கு மிக நல்லது. அலுமினியச் சட்டத்தில் மட்டும் அதைத் தொடவிடாதீர்கள். அலுமினியம் விரைவில் அரிந்துபோகும். அங்கே 316ஐக் காப்புப் பசை பூசி முடுக்குங்கள்.

மட்டக்குளி வாசகர்: நாகம் பூசியதற்கு மேலே பெயின்ட் அடித்தால்?

பதில்: கொட்டாஞ்சேனை வாசகருக்குச் சொன்னதே. துளையிடுமுன் எரிபொருள் தாங்கி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: என் வெளியிணைப்பு இயந்திரம் அதிர்கிறதே?

பதில்: அதை இயந்திரத் திருத்துநரிடம் காட்டுங்கள்.