உருண்டை குமிழா, லீவரா?

கேள்வி: வீட்டுக் கதவு எல்லாத்துக்கும் கைப்பிடி மாத்தப் போறோம். எனக்கு உருண்டையா இருக்கிற குமிழ்தான் பிடிச்சிருக்கு, ஆனா அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, கீழ அழுத்தித் திறக்குற நீளக் கைப்பிடி இருக்கே, அந்த லீவர் வைன்னு சொல்றாங்க. அது ஆபீஸ் மாதிரி ஆயிடுமோன்னு யோசனையா இருக்கு.

பதில்: அம்மா சொல்றதுதாங்க சரி. குமிழைத் திருப்பணும்னா விரலால இறுக்கிப் பிடிக்கணும், மணிக்கட்டையும் முறுக்கணும், மூட்டு வலிக்காரங்களுக்கு அந்த ரெண்டும்தான் உயிர் போற வேலை. லீவர்னா கை நிறைய சாமான் இருந்தாலும் முழங்கையால அழுத்திட்டு உள்ள போயிடலாம், ஈரக் கையா இருந்தாலும் பிரச்சனை இல்ல.

அழகைப் பத்தி கவலையே படாதீங்க. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1926-28ல வியன்னாவுல அவரோட அக்கா வீட்டைக் கட்டுற வேலையில இருந்தப்போ கதவுக் கைப்பிடியையும் அவரே டிசைன் பண்ணாரு, வளைச்ச உலோகக் கம்பி அவ்வளவுதான், ஒரு பூ வேலைப்பாடு கிடையாது, ஆனா இன்னைக்கும் அதே டிசைன்ல செஞ்சு விக்கிறாங்க. எனக்கு லீவர்லயே அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

கடையில போய் பாக்குறப்போ கண்ணை மூடிட்டு ஒருதடவை பிடிச்சுப் பாருங்க, ஓரம் எங்கயாவது உள்ளங்கையில குத்துச்சுன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். சுமார் 2 செ.மீ. தடிமன் இருந்தா பிடி நல்லா இருக்கும், கதவுக்கும் கம்பிக்கும் நடுவுல 4 செ.மீ. இடைவெளி இருந்தா விரல் முட்டி உரசாது. லீவரோட நுனி கதவு பக்கமா வளைஞ்சிருக்கட்டும், இல்லேன்னா போற வர்றப்போ சட்டைக் கை, துப்பட்டா எல்லாம் மாட்டி இழுக்கும். முக்கியமா ஸ்பிரிங். கனமான லீவரை வாங்கிட்டு பூட்டுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கை மட்டும் நம்பினா கொஞ்ச நாள்ல தொங்கிடும், அதனால கைப்பிடியோட அடித்தட்டுலயே தனியா ஸ்பிரிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, கதவைத் துளைச்சு ரெண்டு பக்கத்தையும் சேர்த்து முடுக்குற போல்ட் டைப்பா இருந்தா இன்னும் உறுதி. பாத்ரூமுக்கு மட்டும் வெளியில இருந்து நாணயத்தை வெச்சுத் திருப்பித் திறக்குற மாதிரி வாங்குங்க, அம்மா உள்ள வழுக்கி விழுந்துட்டா கதவை உடைக்க வேண்டாம் பாருங்க.

பழைய ஓட்டையிலயே பொருத்தணும்னா கதவோட கனத்தையும், கதவு விளிம்புல இருந்து கைப்பிடி நடு வரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து எழுதிட்டுப் போங்க.

கேள்வி: எங்க சமையலறைக் கதவை வர்றவங்க எல்லாரும் இழுத்துட்டே நிக்கிறாங்க, அது தள்ளுற கதவு!

பதில்: தப்பு அவங்க மேல இல்லங்க, பிடி இருந்தா கை இழுக்கத்தான் போகும். தள்ளுற பக்கத்துல பிடியைக் கழட்டிட்டு ஒரு தட்டையான உலோகத் தகடு அடிச்சிடுங்க.