முள்வால் நீர்த்தெள்ளு: வாசகர் கேள்விகள்

? ஒரு சென்டிமீட்டர் உயிரி அமெரிக்காவின் மெண்டோட்டா ஏரியையே கலங்கலாக்கிவிட்டதாமே, எப்படி?
– கல்லூரி மாணவி, திருச்சி

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டாஃப்னியா என்ற குட்டி நீர்த்தெள்ளைத் தெரியும். பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளியவைப்பது அதுதான். விஸ்கான்சினிலுள்ள மெண்டோட்டாவில் பால்பண்ணைச் சாணத்திலிருந்து பாஸ்பரஸ் வந்து சேர்கிறது, பாசிக்குக் குறைவில்லை. 2009இல் அங்கே பெருகிய முள்வால் நீர்த்தெள்ளு, பாசியை விட்டுவிட்டு டாஃப்னியாவைத் தின்றது. மேய ஆளில்லை, தண்ணீருக்குள் பார்வை எட்டும் ஆழம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைந்தது. உடம்பைவிட நீளமான முள் வாலாக இருப்பதால் குஞ்சு மீன்களால் இதை விழுங்கவும் முடியாது. பழைய தெளிவு திரும்ப பாஸ்பரஸ் வரத்தை 71 சதவீதம் குறைக்க வேண்டும், அதற்கு 8.65 கோடி முதல் 16.3 கோடி டாலர் வரை ஆகும் என்று 2016இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

? ஆண்டுக்கணக்காக வலை போட்டு ஆராய்ந்த ஏரியில் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?
– விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்

கணக்குப் போட்டால் புரியும். 30 செ.மீ. வாயுள்ள வலையை 20 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் வடிகட்டும் தண்ணீர் சுமார் 1.4 கனமீட்டர். பத்து கனமீட்டருக்கு ஒன்றுதான் இருக்கிறதென்றால், ஏழு முறை இழுத்தால் ஒன்று சிக்கலாம். அதுவும் வலையின் கண்ணி (துளை) அடைக்காமல் இருந்தால். நுண்கண்ணி வலையில் பாசி அப்பிக்கொண்டால் தண்ணீர் உள்ளே புகாமல் வாயோரமாக ஒதுங்கிவிடும். கணக்கு அதோடு பொய். வாய் 50 செ.மீ., கண்ணி சற்றுப் பெரியது என்று மாற்றினால் ஒரே இழுவையில் ஏறக்குறைய 4 கனமீட்டர் கிடைக்கும். டாஃப்னியாவுக்கும் இதற்கும் ஒரே வலை போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. மெண்டோட்டாவில் 2009க்குப் பல ஆண்டுகள் முன்பே இது சொற்பமாக இருந்திருக்கிறது. அந்த ஆண்டின் குளிர்ந்த கோடைதான் பெருக விட்டது.

? மினசோட்டாவில் தூண்டில் போடுகிறோம். நரம்பில் ஈரப்பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டுகிறது, நடுவே கரும்புள்ளிகள்.
– வாசகர், மினியாபொலிஸ்

அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்புள்ளி அதன் கண். துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள், தண்ணீரில் உதறாதீர்கள். உறங்குமுட்டை (உடனே பொரிக்காமல் காத்துக் கிடக்கும் இதன் முட்டை) ஆறு மணி நேரம் நன்றாகக் காய்ந்தாலே செத்துவிடும். ஆனால் ரீலில் சுற்றிய நரம்பின் உள்சுற்று அவ்வளவு சீக்கிரம் காயாது. அதனால் அடுத்த ஏரிக்கு ஐந்து நாள் கழித்துப் போங்கள். அவசரமென்றால் 50 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ப்ளீச்சில் அலசுவதை நம்ப வேண்டாம்.