அடித்துணி மடிந்து தைபட்டால்

துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வையில் இப்படி நடந்தால், முழுவதையும் பிரிக்க வேண்டாம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தையலை மட்டும் பிரித்து, துணியை நீவி, திரும்ப ஊக்குக் குத்தித் தையுங்கள்.

அக்காவின் பிள்ளைக்குத் தைக்கும் ஒட்டுப்போர்வையில், அடிக்குக் கொடுத்த மருதமுனைக் கைத்தறித் துணி மடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் மெசினில் குறை இருக்காது. அடித்துணி தளர்வாகக் கிடந்திருக்கும். மேலே பார்த்தால் தெரியவே தெரியாது.

மிச்சப் பகுதிக்கு இப்படிச் செய்து பாருங்கள். சீமெந்துத் தரையில் அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மேலே பஞ்சு, அப்புறம் துண்டுகள் இணைத்த ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. தையல் நீளம் 3 மில்லிமீற்றர் போதும். வோக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் மெசின் பாதம்) இருந்தால் கட்டாயம் போடுங்கள், மூன்று அடுக்கும் ஒன்றாக நகரும். ஒவ்வொரு வரி முடியவும் கையை அடியில் விட்டுத் தடவுங்கள். என் மருமகளின் போர்வையில் ஒரு மடிப்பை விரல்தான் கண்டுபிடித்தது, கண் அல்ல.

டேப் ஒட்டும்போது விறைக்க இழுக்காதீர்கள். கழற்றியதும் துணி சுருங்கி, அதுவே மடிப்பாகும்.