பழைய காரில் புது டேக்கோமீட்டர்: பியூஸ் போவது ஏன்?

நண்பரே, 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு இணைந்த) வண்டி, புது டேக்கோமீட்டரை (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) டாஷ்போர்டில் முடுக்கியதுமே பியூஸ் போகிறது என்கிறீர்கள். மீட்டர் கெட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். புது மீட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கானவை. பலவற்றில் உலோகக் கூடே நெகட்டிவ். அது பாடியைத் தொட்டால் நேர் ஷார்ட்தான். கூட்டை ரப்பர் வைத்துத் தனிமைப்படுத்தலாம், ஆனால் அதிர்வில் ரப்பர் தேயும். நான் நம்பமாட்டேன்.

வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடுங்கள். பேட்டரி, காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தருவது), அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டுவது) ஒவ்வொன்றிலும் இரு முனை வயர்களை இடம் மாற்றுங்கள். டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய ஜெனரேட்டர்) இருந்தால் அதன் எஃப் (F, ஃபீல்டு) முனையிலுள்ள வயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஓரிரு நொடி தொடுங்கள். இதை மறக்கவே கூடாது, மறந்தால் சார்ஜ் ஏறாது. மீட்டரின் சிக்னல் வயர், காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) போகும் மெல்லிய வயர் உள்ள முனைக்கு. மீட்டரில் சிலிண்டர் எண்ணிக்கையைச் சரியாக வையுங்கள். பழைய ரேடியோ இருந்தால் எர்த்தை மாற்றும் முன்பே அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டுவிடலாம்.